தறிக்குழியில் ஒளித்த தட்டு

பெற்ற மகளின் முகத்தில், தறியில் இழை ஓட்டும் நாடாக் கட்டையை எறிந்தவன் நான். இதைச் சொல்லாமல் வரதராஜப் பெருமாள் எனக்குச் செய்ததை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்யாகிவிடும். சனிக்கிழமை பஜனைக்கு வருகிற உங்களில் பலர் என்னை நெற்றி நிறைய நாமமும் கையில் தாளமுமாகத்தான் பார்த்திருப்பீர்கள். அமைதியான மனுஷன் என்று நினைத்திருப்பீர்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் விசாரித்திருந்தால், "அவனுக்கு வாய்க்கு முன்னால கை வரும்பா, கிட்ட போவாதே" என்று சொல்லியிருப்பார்கள்.

அது அரிசிக்கு நாடே அல்லாடிய காலம். ஐப்பசி மாதம். நெசவாளிக்கு எப்போதுமே ஐப்பசி ஆகாது. மழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், பட்டு இழை ஈரம் குடித்து அறுந்துபோகும். அந்த வருஷமோ மழைக்கு முன்பே பட்டு வரத்து நின்றுவிட்டது. எனக்கு நெய்யக் கொடுக்கும் முதலாளி, தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூல் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி ஏழு வாரம் ஆயிற்று. வீட்டில் என் மனைவி கோமளா, எட்டு வயது மகள் வேதவல்லி, நான், மூன்று பேர். ஒரு வேளை கேழ்வரகுக் கூழ். மறு வேளை அந்தப் பானையைக் கழுவிய தண்ணீர்.

வேதா படித்த பள்ளிக்கூடத்தில் சர்க்கார் மதியச் சாப்பாடு போட்டார்கள். சோறும் சாம்பாரும், அரிசி இல்லாத நாளில் மஞ்சள் சோள ரவை உப்புமா. சாப்பிடுகிற பிள்ளை வீட்டிலிருந்து அலுமினியத் தட்டு கொண்டுபோக வேண்டும். அங்கேதான் வம்பு. தட்டு புத்தகப் பையில் அடங்காது. கையில் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும். எந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று தண்டோரா போட வேண்டியதே இல்லை. மற்றப் பிள்ளைகள் அவர்களுக்குத் 'தட்டு தூக்கி' என்று பேர் வைத்திருந்தார்கள்.

பட்டு நெய்கிறவன் பெண் தட்டு தூக்குவதா? ஊர் உலகத்துக்கெல்லாம் கல்யாணப் புடவை நெய்து தந்த கை என்று எனக்கு அத்தனை திமிர். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். என்னிடம் ஒன்பது பறந்தது, திமிர் மட்டும் உட்கார்ந்துகொண்டது.

ஒரு நாள் காலை டீக்கடையில் தெருக்கோடி ராகவன் எல்லார் முன்னாலும் கேட்டான். அவனும் தறிக்காரன்தான்.

"இன்னா வேணு, உன் பொண்ணு தட்டு தூக்கிக்கினு போவுது? தறி படுத்துக்குச்சா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதுவரை விஷயமே தெரியாது. கையில் இருந்த கிளாஸோடு அவன் மூக்கில் குத்தினேன். கிளாஸ் உடைந்தது, மூக்கும் உடைந்தது. விலக்க வந்தவனையும் அடித்தேன்.

அந்த ரத்தக் கையோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற கோமளாவிடம் தட்டு எங்கே என்று கத்தினேன்.

"பள்ளிக்கூடத்துல புள்ள பசியில மயங்கி வுழுந்துட்சிங்க. டீச்சரம்மாதான் துன்ன வெச்சாங்க. அப்புறம்தான் தட்டு குடுத்து அனுப்புனேன்."

அவளை அறைந்தேன். தட்டைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். கல்லில் பட்டு அதன் விளிம்பு நெளிந்தது. பிறகு வேதாவின் கையைப் பிடித்து இழுத்துப் பெருமாள் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். கற்பூரம் ஏற்றி, அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். குழந்தை கையை நீட்டவே பயந்தது. நானே அவள் கையைப் பிடித்து அடிக்க வைத்தேன்.

"கவர்மெண்ட் சோறு துன்ன மாட்டேன். பெருமாள் மேல சத்தியம்" என்றாள்.

"மீறினா சாமி கண்ணைக் குத்தும்" என்றேன் நான்.

எல்லா வீட்டிலும் பிள்ளைகளிடம் சொல்வதுதான். நானும் சொன்னேன். அதை அந்தக் குழந்தை எவ்வளவு ஆழமாக வாங்கிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை பாவு வந்தது. வீடே சிரித்தது. கோமளா ஓடி ஓடி வேலை செய்தாள். பாவைத் தறியில் ஏற்றி, நாடாவில் பட்டு கோத்து, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தேன். கும்பிட்டுவிட்டு மிதியை அழுத்தினேன்.

டங் என்றது.

குனிந்து கையை விட்டுத் துழாவினேன். தட்டு வந்தது. விளிம்பு நெளிந்த அதே தட்டு. ஓரத்தில் மஞ்சள் ரவை காய்ந்து ஒட்டியிருந்தது.

ஓடாத தறியின் குழிக்குள் நெசவாளி காலை விடமாட்டான். வீட்டில் நான் எட்டிப் பார்க்காத ஒரே இடம் அதுதான் என்று கோமளா கணக்குப் போட்டிருக்கிறாள். பிள்ளை சாகக் கூடாது என்று தினமும் நான் வெளியே போனதும் எடுத்துக் கொடுத்து, புழக்கடைச் சந்து வழியாக அனுப்பியிருக்கிறாள். பாவு வந்த சந்தோஷத்தில் தட்டை எடுத்து மறைக்க மறந்துவிட்டாள். ஒரு நெசவாளி பெண்டாட்டி மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. எனக்கு அப்போது அப்படியெல்லாம் தோன்றவில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற குழியில் எச்சில் தட்டா என்று மட்டும்தான் தோன்றியது.

தட்டாலேயே கோமளாவின் தலையில் அடித்தேன். கீழே விழுந்தவளை முடியைப் பிடித்து இழுத்தேன். வளையல் உடைந்து அவள் கையிலேயே குத்தியது. அக்கம்பக்கத்தில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை. என் கைக்கு முன்னால் யார் வருவார்கள்?

வேதா வந்தாள்.

"நைனா, அம்மாவ அடிக்காதே. நான்தான் துன்னேன்."

தறியில் இருந்த நாடாவை எடுத்து எறிந்தேன். சுவரைப் பார்த்து எறிந்தேன், தவறி அவள் மேல் பட்டது என்று, பிறகு ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த போலீஸிடம் சொன்னேன். இன்றைக்கு உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். அவளைப் பார்த்துத்தான் எறிந்தேன். நாடாவின் இரும்பு முனை இடது இமையைக் கிழித்துக்கொண்டு போனது. புதுப் பாவில் ரத்தம் தெறித்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள்: "சாமி குத்திடுச்சும்மா. சத்தியத்த மீறிட்டேன், குத்திடுச்சு."

அடியார்களே, அந்த வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது.

பெரிய காஞ்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். காய்ச்சல் கொதித்தது. டாக்டரம்மா கண்டிப்பானவர். "கண்ணைப் பத்தி அப்புறம் பேசலாம். உள்ள ஆகாரம் போகணும். ஏற்கெனவே எலும்பும் தோலுமா இருக்கு, இப்படியே போனா பிள்ளை தங்காது" என்றார்.

காலையும் மாலையும் ஆஸ்பத்திரியில் பாலும் ரொட்டியும் கொடுத்தார்கள். கோமளா தம்ளரை வாயருகே கொண்டுபோனாள்.

"இது கவர்மெண்ட் பாலாம்மா?"

கோமளா தம்ளரைத் தாழ்த்தினாள். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரி ஆள் அந்தப் பாலை ஊற்றிக் கொடுத்ததைக் குழந்தையே பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"வாணாம். இன்னொரு கண்ணும் பூடும்."

பல்லைக் கடித்துக்கொண்டாள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் துப்பினாள். இரண்டு நாள் அப்படியே போயிற்று. வெளியே பால் வாங்க வழியில்லை. கோமளா வீட்டிலிருந்து கொண்டுவந்த கூழ் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வந்தது. அந்த இரண்டு நாளும் என் முகத்தைப் பார்க்காத கோமளா, மூன்றாம் நாள் காலையில் வாயைத் திறந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஏங்க, வாங்க என்று கூப்பிட்டவள்.

"நீ போட்ட பூட்டு. நீயே போயி தொற" என்றாள்.

சனிக்கிழமை. விடிந்ததும் நடந்தே வரதர் சன்னிதிக்குப் போனேன். எனக்கு ஸ்லோகம் எதுவும் வாயில் வரவில்லை. "கண்ணு வேணும்னு கேக்கல. எனக்கு அந்த யோக்கியதை இல்ல. அவ ஒரு வாய் துன்னட்டும். அந்தச் சத்தியத்த நீ எடுத்துக்கோ. குத்தணும்னா என் கண்ணைக் குத்து" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கிப் போகும் அளவுக்குக் கத்தி அழுதேன். சன்னிதியில் எப்போதும் போல மணி அடித்தது, திரை போட்டார்கள். அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

வெளியே வந்தேன். புளியோதரைப் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம். பழக்க தோஷம், நான் முட்டி மோதி முன்னால் போய் இரண்டு கையையும் குவித்து நீட்டினேன். சுடச்சுட ஒரு உருண்டை விழுந்தது. இரண்டு நாள் பட்டினி. அங்கேயே நின்று வாயில் அடைத்தேன்.

விழுங்கும்போதுதான் உறைத்தது. நான் கை நீட்டி வாங்கித் தின்கிறேன். இது யார் நெல், யார் உலை என்று கேட்டேனா? என் கையில் உழைத்துச் சம்பாதித்த சோறா இது? வெட்கமாக இருந்ததா? இன்னும் கொஞ்சம் போடமாட்டாரா என்றுதானே பார்த்தேன்! பசித்தவனுக்குக் கொடுக்கும் சோறு கோயிலில் பிரசாதம், பள்ளிக்கூடத்தில் பிச்சையா? பெருமாளே இறங்கி வந்து என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதுவரை நான் எத்தனை பேரை அடித்திருக்கிறேன். அடி வாங்கியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு ஓடினேன். மூலையில் ரத்தக் கறையோடு கிடந்த தட்டை எடுத்துக் கழுவினேன். கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தெரு முழுக்க நடந்தேன். டீக்கடை வழியாகவே போனேன். ஆஸ்பத்திரியில் ரொட்டி வரிசையில் நின்றேன்.

"யாருக்கு?" என்று கேட்டார் ரொட்டி கொடுப்பவர்.

"என் பொண்ணுக்கு. எனக்கும் ஒரு வாய் வேணும் சார்."

"படுத்திருக்கறவங்களுக்கு மட்டும்தான்பா" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, ஒரு ஓரத் துண்டைச் சேர்த்துப் போட்டார்.

வேதாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மாடி, சாமி உன் கண்ணைக் குத்தல. நைனாதான் குத்தினேன். சத்தியம் பண்ண வெச்சதும் நான்தான். சாமி அதை வாங்கிக்கவே இல்ல."

அவள் நம்பவில்லை. ரொட்டியைப் பாலில் நனைத்து நான் தின்றேன். கட்டுப் போடாத ஒற்றைக் கண்ணால் அவள் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது குத்தும் என்று காத்திருந்தாள்.

"நைனா, வலிக்குதா?"

"இல்ல."

இன்னொரு வாய் தின்றேன்.

"இப்போ?"

"இல்லடா கண்ணு."

என் கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

நான் கேட்டது அந்த ஒரு வாய். வரதன் கொடுத்தான். அன்று மாலைக்குள் அவள் ஒரு தம்ளர் பால் குடித்தாள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. இடது கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. புகைக்குள் பார்ப்பது போல இருக்கிறதாம். அதை நான் மறைக்க மாட்டேன். நான் செய்தது நான் செய்ததுதான்.

வேதா மறுபடி பள்ளிக்கூடம் போன அன்று தட்டை நான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். தெருக்கோடியில் ராகவன் வழி மறித்தான். மூக்கு கோணிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அடி வாங்குவோம், வாங்கத்தான் வேண்டும் என்று அப்படியே நின்றேன்.

"வேணு, நாளிக்கு என் புள்ளையையும் இட்டுக்கினு போ. ரெண்டு நாளா அடுப்பு எரியல" என்றான்.

அவன் காலில் விழுந்தேன். அவனும் அழுதான்.

கோமளா மறுபடி என்னோடு பேசத் தை மாதத்துக்கு மேல் ஆயிற்று. இன்றுவரை நீ, வா என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு அதுவே மரியாதை. எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இப்போதும் வரும். வரும்போது இரண்டு கையையும் பிரசாதம் வாங்குவது போலக் குவித்துக்கொள்வேன். குவித்த கையால் யாரையும் அடிக்க முடியாது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என் கை ஒருவர் மேலும் விழவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை, அவன் அருள்.

உங்களில் யாராவது வெட்கத்தில் பிள்ளையைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தால், வெட்கத்தைப் பிள்ளை முதுகில் இறக்கிக்கொண்டிருந்தால், நாளைக் காலையே சன்னிதிக்குப் போய்க் கையை நீட்டுங்கள். கொடுக்கிறவனுக்கு ஆயிரம் வாசல். அவன் எந்த வாசலில் சோறு வைத்தாலும் போய் வாங்கிக் கொடுங்கள். தட்டை நீங்கள் தூக்குங்கள்.

வேதா கல்யாணமாகி வாலாஜாபாத்தில் இருக்கிறாள். போன மாதம் வந்திருந்தாள். நல்ல அரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. இலையில் எல்லாம் பரிமாறியும் அவள் கை வைக்கவில்லை. நான் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் கண்ணை ஒரு தரம் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாள்.