நேராக்கிய ஐம்பத்து மூன்று வரிகள்

என் தங்கை ஜிஜோருக்கு ஆறு வயதில் பார்வை போனது. இருபத்திரண்டு வயதில், கணினிக்கு நிரல் எழுதக் கற்கப்போவதாகச் சொன்னாள். எங்கள் ஊரான ஹோ நகரப் பயிற்சி மையத்தில் பன்னிரண்டு இடங்கள். ஆறு வாரத்தில் சின்னதாக ஒரு நிரல் எழுதி, கடைசி வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். அது ஓடினால்தான் இடம்.

எந்த நிரல்மொழியில் தொடங்குவது என்பதில்தான் சண்டை. பார்வையில்லாத நிரலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் சொன்னார்கள். ஒரு பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அதில் அடைப்புக்குறியே சொல்லிவிடுமாம், காதால் கேட்டுக்கொள்ளலாம். மையத்து ஆசிரியர் அக்பெகோ ஒப்பவில்லை.

“பைத்தான் எடும்மா. பக்கமே சுத்தமா இருக்கும். பார்த்தாலே புரிஞ்சிடும்.”

“யாரு பார்த்தா சார்?”

நான் அவள் கையைக் கிள்ளினேன். வெளியே வந்ததும், “எல்லாரும் எடுக்கறதையே எடு. உனக்குன்னு தனி வழி கேட்டா எளப்பமா நெனைப்பாங்க” என்றேன்.

“எழுதப்போறது நீயாக்கா?” என்றாள். ஆனாலும் பைத்தானையே எடுத்தாள். எனக்காகத்தான்.

ஆறு வாரம். நான் பள்ளிச் சீருடைகள் தைக்க, எதிரில் அவள் இயர்போனோடு உட்கார்ந்திருப்பாள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரல் அவள் காதுக்குள் மட்டும் ஓடும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வியாழனன்று மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஓடுதுக்கா!” என்று என் தோளில் அடித்தாள். அன்று அவளுக்கு மீன் குழம்போடு, மக்காச்சோள மாவில் அக்ப்ளே களி கிண்டினேன்.

வெள்ளி காலை அவள் குளிக்கப் போனபோது கணினியைத் திறந்தேன். ஐம்பத்து மூன்று வரிகள். சில ஓரத்தில் தொடங்கின, சில உள்ளே தள்ளி, சில இன்னும் உள்ளே. பாவம், கண் தெரியாமல் கை நழுவியிருக்கிறது என்று நினைத்தேன். கோணல் தையலோடு ஒரு துணியைக்கூட நான் கடையிலிருந்து அனுப்பியதில்லை. வரிக்கு வரி வெற்றிடத்தை அழித்து, எல்லாவற்றையும் இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து சேமித்தேன். பக்கம் சுத்தமாக இருந்தது. அவள் வந்து அப்படியே அனுப்பிவிட்டாள்.

திங்களன்று அக்பெகோ ஜிஜோரைப் போனில் அழைத்தார். “ஓடலம்மா. கண்ணில்லாதவங்களுக்கு இது சரிப்படாதுன்னு அப்பவே நெனைச்சேன்.”

அவள் நிரல் கோப்பைத் திறந்து இயர்போனில் கேட்டாள். நான்காவது வரியில் விரல் நின்றது.

“அக்கா, இதை யாராவது தொட்டாங்களா?”

சொன்னேன்.

“அந்த இடைவெளிதான்க்கா பைத்தானுக்கு அடைப்புக்குறி. நாலு நாலா எண்ணி எண்ணி வச்சேன்.”

அன்றே மையத்துக்குப் போய், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அக்பெகோ படித்துவிட்டுச் சிரித்தார். “தங்கச்சிமேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காகப் பழியைக்கூடச் சுமப்பீங்களா?”

இப்போது அவள் ஜாவாஸ்கிரிப்ட் கற்கிறாள், வீட்டிலேயே. “இதுல நீ எல்லா வரியையும் நேராக்கினாலும் ஓடும்” என்றாள். அவள் சிரிக்கவில்லை. கணினிக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறாள். என்னவென்று நான் கேட்கவில்லை.