உமி போன வழி

எண்பதுகளில், எரிபொருளைச் சிக்கனப்படுத்தச் சொல்லி ஆலை ஆலையாக அலைவது என் வேலை. திருவண்ணாமலையில் ஓர் அரிசி ஆலையில், நெல் அவிக்க விறகுக்குப் பதில் அங்கேயே மிஞ்சும் உமியை எரிக்க வைத்தேன். விறகு லாரிகள் நின்றன. மரங்கள் பிழைத்தன என்று பெருமையாக அறிக்கை எழுதினேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி அங்கே போனபோது, களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் வேலை முடிந்ததும் அரிவாளோடு மலைப்பக்கம் நடந்தார்கள். எங்கே என்று கேட்டேன்.

"விறகு வெட்டத்தான் சார். தினம் ஆளுக்கு ஒரு கூடை உமி குடுப்பாங்க, அதுலதான் வீட்டு அடுப்பே எரிஞ்சுது. இப்ப எல்லாத்தையும் பாய்லரே தின்னுது. எவனோ ஆபீசர் சொல்லிட்டுப் போனானாம். அவன் வீட்ல கேஸ் அடுப்பு போல!" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள்.

"அது நான்தாம்மா."

சிரிப்பு நின்றது. "தெரியாம சொல்லிட்டேன் சார், மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

தெரியாமல் சொன்னவன் நான். ஆலைக்குள் உமி எரிவதைப் பார்த்தேனே தவிர, கேட்டைத் தாண்டி அது யார் வீட்டுக்குப் போனது என்று பார்க்கவில்லை. முதலாளியிடம் மன்றாடி ஆளுக்கு அரைக் கூடை வாங்கிக் கொடுத்தேன். மீதி அரைக் கூடைக்காக அவர்கள் எத்தனை வருஷம் மலைக்கு நடந்தார்களோ, தெரியாது.