பூட்டிய அறையில் ஒரு கிழட்டுப் பருந்து

அந்த அறையின் அகலத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பூனை உள்ளே போக வேண்டுமென்றால் வாலை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சமையலறைக்குப் பின்னால், உடைந்த மின்விசிறியும் பழைய பெட்டிகளும் கிடந்த சாமான் அறை அது. ஜன்னல் கிடையாது. அதற்குள் ஒரு போர் விமானம் நின்றது.

விமானம் கொழுந்தனுடையது. அவன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தான். பகலெல்லாம் ஊரார் மோதி நசுக்கிய கார்களின் கோப்புகளைப் பார்ப்பான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தன் பங்குக்கு விமானங்களை மோதி நசுக்குவான். எல்லாம் கணினித் திரையில்தான். ஆனாலும் ஏற்பாடு அசல் போலவே இருந்தது. வலது கைக்குப் பொத்தான்கள் முளைத்த கட்டுப்பாட்டுக் கம்பி, இடது கைக்கு வேக நெம்புகோல், காலுக்கு இரண்டு மிதிகள். உட்காருவதற்குப் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றி வந்த இருக்கை. அடியில் இருக்கும் கம்பியைத் தூக்கினால் அது இரும்புப் பட்டையில் முன்னும் பின்னும் நகரும். விட்டால் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கும்.

அந்த வீட்டின் மூத்த மருமகளைக் கொழுந்தன் அண்ணி என்று கூப்பிடப்போக, மாடியில் குடியிருப்பவர்கள், பால்காரர், மின்கட்டணம் பார்க்க வருபவர் எல்லாருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். கணவன் தூரத்து ஊர்களுக்குச் சரக்கு லாரி ஓட்டுபவன். வீட்டில் இருந்தால் தூங்குவான், இல்லாவிட்டால் சாலையில் இருப்பான். மாமியாருக்கு முழங்கால் போய்விட்டது, குரல் போகவில்லை. மருமகளைக் கூப்பிடக்கூட மாட்டாள், வேலையைத்தான் கூப்பிடுவாள். "தண்ணி" என்று ஒரு அறையிலிருந்து வரும். "ஃபேன்" என்று இன்னொன்றிலிருந்து. "மாத்திரை" என்றால் ஓட்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாமியார் கண்ணயரும் நேரம் ஒன்றுதான் அண்ணிக்கு யாரும் குரல் கொடுக்காத நேரம்.

அந்த நேரத்தில்தான் தூசி தட்டப் போன இடத்தில் அவள் முதல்முறை அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். கொழுந்தன் கணினியை அணைக்க மறந்திருந்தான். கட்டுப்பாட்டுக் கம்பியைத் துடைக்கும்போது திரையில் ஓடுபாதை சாய்ந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு முறை அசைத்தாள். அவ்வளவுதான், பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருப்பீர்கள். இது தூசி தட்டப் போய்ப் பருந்தான கதை.

கல்யாணத்துக்கு முன் அவள் பௌதிகம் படித்தவள். கொழுந்தன் செங்கல் கனத்துக்கு அச்செடுத்து வைத்து, ஒரு நாளும் புரட்டாத கையேட்டை அவள் அட்டை முதல் அட்டை வரை படித்தாள். பிறகு இணையத்தில் வீட்டுக்குள்ளேயே போர் விமானம் ஓட்டுகிறவர்களின் சங்கம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, 'கிழட்டுப் பருந்து' என்ற பெயரில் சேர்ந்தாள். அங்கே யாரோ ஒருவர், திரும்பும்போதெல்லாம் விமானம் நடுங்கி விழுகிறது என்று அழுதிருந்தார். அண்ணி எழுதினாள்:

'உயரம் என்பது மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீர். வேகம் என்பது குழாயில் வரும் தண்ணீர். வளைந்து வளைந்து திரும்புகிறவன் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டவன். தொட்டி காலியான பிறகு குழாயை முறுக்கி என்ன பயன்?'

சங்கமே சொக்கிப்போனது. கிழட்டுப் பருந்து என்றால் ஓய்வு பெற்ற விமானப்படைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களே முடிவு கட்டி, 'ஐயா' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எதிரியை முறைத்துக்கொண்டே இருக்காதே, அடுப்பில் பால் வைத்தவள் பாலையே பார்ப்பதில்லை, காது பாலில் இருக்கும், கண் வீடெல்லாம் சுற்றும், நீயும் தோளுக்குப் பின்னால் பார் என்று எழுதினாள். ஐயா கொஞ்ச காலம் படையின் சமையற்கூடத்திலும் இருந்திருப்பார் என்று சிலர் ஆராய்ச்சி செய்தார்கள். எந்தக் கேள்விக்கும் ஓட்டிப் பார்க்காமல் அவள் பதில் எழுதுவதில்லை. எழும்போது தன் தடயத்தையெல்லாம் அழித்துவிட்டுத்தான் எழுவாள். தினமும் பாத்திரம் துலக்குகிறவளுக்கு அது ஒரு வேலையா?

வேடிக்கை என்னவென்றால், ஐயாவின் பரம சீடன் கொழுந்தன்தான். சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு ஓதுவான்.

"ஐயா இன்னிக்கு என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? கம்பியைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதே, முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடின்னு. என்ன மூளை."

"முட்டை இன்னொண்ணு வைக்கட்டுமா தம்பி?" என்பாள் அண்ணி.

"அண்ணி, நான் எவ்வளவு பெரிய விஷயம் சொல்றேன், நீங்க முட்டைக்குப் போயிட்டீங்க."

மாமியார் தன் பங்குக்கு, "அந்த ஐயாவுக்கு வீட்ல பொண்டாட்டி கிடையாதா? எந்நேரமும் இதையே எழுதிட்டு இருக்காரு," என்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை அண்ணியே குடைசாய்த்தாள். சங்கத்தில் ஒருவர், தன் பிள்ளைகள் கம்பியைத் தொட்டுத் தொட்டு அமைப்பெல்லாம் மாறிப்போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அன்று அவளுக்கு எழுதும் வேகம். 'ஒரு கருவி ஒரே கைக்குப் பழக வேண்டும். தயவு தாட்சண்யம் பார்க்காதே. அறையைப் பூட்டு. சாவியை இடுப்பில் வை' என்று வீராவேசமாக எழுதிவிட்டு, பெருமையோடு பீன்ஸ் நறுக்கப் போனாள்.

மறுநாள் கொழுந்தன் ஒரு பூட்டோடு வந்தான்.

"கொஞ்ச நாளாவே சந்தேகம்," என்றான். "தினமும் இருக்கை முன்னாடி நகர்ந்திருக்கு. பெருக்கும்போது நகர்த்துறீங்களா அண்ணி? பரவாயில்லை, உங்க மேல தப்பில்லை. இனிமே அந்த அறையை நானே பெருக்கிக்கறேன். ஐயாவே சொல்லிட்டார், பூட்டணும்னு."

எல்லாத் தடயத்தையும் துடைத்தவள் இருக்கையைப் பின்னுக்குத் தள்ள மறந்திருந்தாள். அவன் நெட்டை, அவள் குட்டை. தவளை தன் வாயால் கெட்டது என்பார்கள். இந்தத் தவளை தன் காலாலும் கெட்டது.

"தூசி படியுமே தம்பி," என்று ஒரு முயற்சி செய்தாள்.

"போர்வை போட்டு மூடிட்டேன்."

"உள்ள ஈரம் தங்கும். கொஞ்சம் திறந்து வச்சா நல்லது."

"அண்ணி, ஐயாவைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?"

அண்ணி தாளித்துக்கொண்டிருந்த வாணலியைப் பார்த்தாள்.

அதன் பிறகு மதியங்கள் நீண்டன. மாமியாரின் குறட்டை கேட்கத் தொடங்கியதும் கால் தானாகச் சாமான் அறைப் பக்கம் போகும். பூட்டைத் தொட்டுப் பார்ப்பாள். அது குளிர்ந்து, கனமாக, வந்த விருந்தாளியைப் போல நகராமல் இருக்கும். சமையலறைக்குத் திரும்பினால் ஜன்னல் கம்பிக்கு அப்பால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் நடுவே தெரியும் வானம் தோளில் போடும் துண்டின் அகலம்கூடத் தேறாது. முன்பும் அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் மேகத்துக்கு மேலே ஏறி, தலைகீழாகப் புரண்டு, காலடியில் வானத்தைப் பார்த்தவளுக்கு அந்தத் துண்டு இப்போது போதவில்லை. அவளிடம் இருந்ததோ பொத்தான் போன். சங்கத்தையும் எட்டிப் பார்க்க வழியில்லை. நேரம் இருந்ததால் அலமாரிகளைத் துடைத்தாள். துடைத்த அலமாரிகளையே திரும்பத் துடைத்தாள். அவள் சும்மா இருப்பதை மாமியார் தூக்கத்திலேயே மோப்பம் பிடித்தவள்போல் மதியத்திலும் கூப்பிட ஆரம்பித்தாள். "தலையணை" என்றாள். "கதவு" என்றாள். ஒரு நாள் வேலையே அகப்படாமல் "ம்" என்று மட்டும் கூப்பிட்டாள். அதற்கும் அண்ணி ஓடினாள்.

மேசையில் கொழுந்தனின் முகமும் தொங்கிப்போயிருந்தது.

"ஐயாவைக் காணோம்மா. ஒரு வரிகூட எழுதலை. வயசானவர். எல்லாரும் பயந்து போயிருக்கோம்."

"காலம் வந்தா போகத்தானே வேணும்," என்றாள் மாமியார். "நல்லவரா இருந்தாரு, பாவம்."

தன் மரணச் செய்திக்குத் தானே காய் பரிமாறினாள் அண்ணி.

"ஞாயித்துக்கிழமை போட்டி," என்று அவன் தொடர்ந்தான். "எங்க அணிக்கு நான்தான் முன்னாடி போகணும். எதிரி பின்னாடி வந்துட்டா முழுசா இழுத்துத் திரும்பறேன். உடனே விமானம் நடுங்குது. இன்னும் இழுக்கறேன். பொத்துனு விழுது. எவ்வளவு பலமா இழுத்தாலும் திரும்ப மாட்டேங்குது."

அண்ணியின் கையில் கரண்டி நின்றது. "இழுக்காதீங்க."

"என்ன?"

"நடுங்குதுன்னா காத்து இறக்கையை விட்டுப் பிரியுதுன்னு அர்த்தம். இன்னும் இழுத்தா அது எப்படித் திரும்பும்? கையைத் தளர்த்துங்க. மூக்கைக் கொஞ்சம் கீழே விடுங்க. நடுக்கம் நின்னதும் மெதுவா இழுங்க."

கொழுந்தன் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தான்.

"பாத்தியாம்மா, நான் சொல்லிச் சொல்லி அண்ணிக்கே பாடமாயிடுச்சு. கிளிப்பிள்ளை தோத்துடும்."

மாமியாரும் சிரித்தாள். இதோடு வாயை மூடிக்கொண்டால் நாளைக்கும் அலமாரிதான், நாளை மறுநாளும் அலமாரிதான். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் ஒரு தடவை ஓட்டட்டுமா?"

"நீங்களா?"

"கேக்கறாளே, குடேன்டா," என்றாள் மாமியார். "எப்படி விழறான்னு நானும் பாக்கறேன்."

பூட்டு திறந்தது. கொழுந்தன் போர்வையை உருவி, கணினியைத் தட்டி, ரொம்ப இளகிய மனதோடு ஒரு சாது எதிரியைத் தேர்ந்தெடுத்தான். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அண்ணி உட்கார்ந்தாள். குனிந்து பார்க்காமலே இடது கை இருக்கைக்கு அடியில் போனது, கம்பியைத் தூக்கியது, இருக்கை முன்னுக்கு வழுக்கிப் போய் 'டக்' என்று நின்றது.

அந்தச் சத்தம் கேட்டதும் கொழுந்தனின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் தினமும் சாயங்காலம் எந்தப் பள்ளத்திலிருந்து இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினானோ, அதே பள்ளம்.

அவள் மேலே ஏறினாள். தொட்டியை நிரப்பினாள். எதிரி பின்னால் வந்தபோது விமானம் நடுங்கியது; கையைத் தளர்த்தினாள், மூக்கைக் கீழே விட்டாள், நடுக்கம் அடங்கியதும் முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்து இழுத்தாள். எதிரி முன்னால் வழுக்கிப் போனான். சுடவேண்டிய இடத்தில் சுட்டாள். பெருமூச்சு விட்டாள்.

"ஏன்டா, எப்ப விழுவா?" என்று கேட்டாள் மாமியார்.

அவள் விழுவதாகத் தெரியாததால், முழங்கால் வலிக்கிறது என்று போய்விட்டாள்.

கொழுந்தன் கதவை ஒருக்களித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணி. நீங்கதான் ஐயாவா?"

"நான் ஐயான்னு எங்கேயும் எழுதலை தம்பி."

அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். "வெளியே சொல்லிடாதீங்க. நான் ஐயாகூடப் போன்ல பேசியிருக்கேன்னு சங்கத்துல அளந்துட்டேன். குரல் சிங்கம் மாதிரி இருக்கும்னு வேற சொல்லிட்டேன்."

"அதுக்கென்ன, பேசினது நிஜம்தானே. நீங்க கடைக்குப் போனா, அரைக்கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்கன்னு எத்தனை தடவை போன் பண்ணியிருக்கேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டான். மாட்டிக்கொண்டவன் சிரிக்கக்கூடாது என்று நினைத்திருப்பான். சாவியை எடுத்து நீட்டினான். "பகல்ல நீங்க வச்சுக்கங்க. ஐயா ஐயாவாவே இருக்கட்டும். அம்மாவுக்கும் தெரிய வேணாம். கதவைத் திறந்தே வச்சுக்கிட்டா அம்மா கூப்பிட்டாலும் கேக்கும்."

அவள் சாவியை வாங்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றாள். "ஆனா சாவி வேணாம். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேணும்."

"உள்ள எதுக்கு அண்ணி? இந்த வீட்ல யாரு வரப்போறா?"

"வரக்கூடாதுன்னுதான்."

அடுத்த விடுமுறை நாளில் அவன் திருகாணிகளை வைத்து ஒரு தாழ்ப்பாளை முடுக்கிக் கொடுத்தான். அன்று மதியமே அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். கதவு மூடியதும் அறை இன்னும் சிறுத்துப்போனது. காற்றில்லை. முழங்கை இந்தப் பக்கச் சுவரிலும் அந்தப் பக்கச் சுவரிலும் இடித்தது. பூட்டியிருந்த நாட்களில் வெளியே நின்றதற்கும், இப்போது உள்ளே உட்கார்ந்திருப்பதற்கும் நடுவே ஒரு பலகைக் கதவின் தடிமன்தான் வித்தியாசம். ஆனால் தாழ்ப்பாள் அவள் பக்கம் இருந்தது.

மேகத்தைத் தாண்டும்போது கதவில் தட்டும் சத்தம்.

"தண்ணி," என்றாள் மாமியார்.

அண்ணியின் கால் பழக்கத்தில் மிதியை விட்டு எழப் பார்த்தது. அதைத் திரும்ப மிதியில் வைத்தாள்.

"பானை மேசை மேலதான் இருக்கு அத்தை," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெளியே முழங்காலை இழுத்து இழுத்து நடக்கும் ஓசை மெல்லச் சமையலறைப் பக்கம் போனது.