அத்தையின் இருண்ட மானிட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அத்தையுடையது. அப்பாவின் தங்கையான அவள் திண்டுக்கல்லில் கணக்கு டீச்சர். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வைத்து லினக்ஸ் போட்டதும் அவள்தான். படம் பளிச்சென்று தெரிய, பெட்டியைத் திறந்து கிராஃபிக்ஸ் கார்டு மாட்டியதும் அவள்தான்.

நிலக்கோட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பெண்ணுக்கும் அது தெரியும் என்று வாயால் சொல்வானேன், கண்ணாலேயே காட்டிவிடலாமே என்று அம்மாவுக்கு யோசனை. உள்ளறையில் இருந்ததை ஹாலுக்குக் கொண்டுவந்து மாதா படத்துக்குக் கீழே வைத்து, பூப்போட்ட துணி போர்த்தினாள். கழற்றிய வயர்களை அப்பா தன் அறிவுக்கு எட்டியபடி செருகினார்.

அத்தை காபித் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போனாள். பெண்ணின் வேலை அதோடு முடிந்தது. மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை. ஆனால் பிடித்திருக்கிறதா என்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

அம்மா துணியை விலக்க, அப்பா சுவிட்சைப் போட்டார். வெள்ளை எழுத்துகள் சரசரவென ஓடின. அப்புறம் கும்மிருட்டு. அப்பா மானிட்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்குத் தெரியாததா? செத்த பாருங்களேன்."

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கியதும் எழுத்துகள் திரும்பி வந்து பாஸ்வேர்டு கேட்டன. அது அத்தைக்கு மட்டுமே தெரியும். கூப்பிட்டார்கள். சபையில் சொல்லக்கூடியதா அது? அவளே தட்டினாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட வேண்டியதாயிற்று.

"சாதா டிரைவர் போட்டுப் பாத்தீங்களா?" என்றார் அவர்.

"அது ஆமை வேகத்துல போகும். அதுக்கா காசு குடுத்து கார்டு வாங்குனேன்?"

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். பெரியவர்கள் ஒன்றும் விளங்காமல் காராச்சேவை மென்றுகொண்டிருந்தார்கள்.

உருண்டோடிய லட்டைத் தேடி மேசைக்கடியில் போன நான் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். மானிட்டர் வயர் மேலே பழைய துவாரத்தில் இருந்தது. கீழே, புதுக் கார்டின் துவாரம் காலி! அத்தை கார்டு மாட்டியபோது கூடவே இருந்தவனாயிற்றே, வயரை அதில்தான் செருக வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஓடிப்போய் அவள் காதில் சொன்னேன்.

"செத்த நேரம் சும்மா இரு, அப்பு" என்று என் வாயில் ஒரு லட்டைத் திணித்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி, "கான்ஃபிக் ஃபைலை இன்னொரு தடவை பாப்போமா?" என்றாள்.

ஃபைலை முழுக்கப் பார்த்தார்கள். பெங்களூர் மழை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் அத்தையே குனிந்து வயரை மாற்றிச் செருகினாள். மறுபடி ஓடவிட்டதும் திரை வண்ணவண்ணமாகப் பூத்தது. எல்லோரும் கைதட்டினோம். மாப்பிள்ளை மட்டும் திரையை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். சாயங்காலம் யாரும் கேட்பதற்கு முன்பே அத்தை சம்மதம் சொல்லிவிட்டாள்.

வீடே சந்தோஷத்தில் மிதந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்:

"பாவம்மா அத்தை. வயரு மாறியிருக்குன்னு நான் சொல்லியும் அம்புட்டு நேரம் அவளுக்குப் புரியவே இல்ல."