ஆட்டைத் திட்டியவர் ஸ்டேட்டஸ் வைத்த கதை

கலைமகள் அக்கா யாரையும் நேராகத் திட்டியதில்லை. இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கீழ்வேளூரில் பிறந்து, வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வாழ வந்த நாளிலிருந்து அவர் வழக்கம் அதுதான். மாமியார் மேல் கோபம் என்றால் கோழிக்குத் திட்டு விழும். புருஷன் வீரையன் மேல் கோபம் என்றால் கறவை மாட்டுக்கு விழும். வயலிலிருந்து வரும் வீரையன் தெருமுனையிலேயே நின்று, மாடு என்ன குற்றம் செய்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குள் போவார்.

அடுத்த வீட்டுக் கமலாம்பாளைத் திட்டுவதற்கென்று அக்கா தனியாக ஒரு ஆடு வைத்திருந்தார். அதன் பெயர் ராணி. கமலாம்பாள் வீரையனின் அண்ணன் மனைவி, அக்காவுக்கு ஓரகத்தி.

“ஏ ராணி, அந்த வாசல்ல போய் நிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? மதிப்பு தெரியாத எடத்துல நமக்கென்ன வேலை?” என்று கொல்லைச் சுவரோரம் நின்று கேட்பார். ராணி பாட்டுக்குத் தழை மென்றுகொண்டிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து கமலாம்பாள் தன் சேவலைக் கூப்பிட்டுப் பதில் சொல்வார். ஆடும் சேவலும் நடுவில் நிற்க எத்தனையோ சண்டைகள் நடந்து முடிந்திருக்கின்றன. மறுநாள் ஒரு கிண்ணம் குழம்பு சுவர் ஏறிப் போகும்.

அப்புறம் துபாயிலிருந்து மகன் சூர்யபிரகாஷ் அக்காவுக்கு ஒரு போன் அனுப்பினான். வந்தது வினை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா தான் வைத்த விரால் மீன் குழம்பைப் படம் எடுத்துப் போட்டார். கமலாம்பாள் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டார். ஒன்றே ஒன்று. முதல் நாள்தான் வேறு யாரோ போட்ட ரசத்துக்கு அதே கமலாம்பாள் மூன்று ஹார்ட் போட்டிருந்தார். ரசத்துக்கு! விரால் விற்கிற விலையில் இதை எந்த மனுஷி தாங்குவாள்? அக்கா குழுவை விட்டு வெளியேறினார். ஏன் வெளியேறினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, அது தனிக் கோபம்.

இந்த நேரம் பார்த்துத்தான் மகள் குந்தவைக்கு வளைகாப்பு வந்தது. அவள் பாதி நாள் கமலாம்பாள் மடியில் வளர்ந்தவள். “பெரியம்மா மொத வளையல் போடலேன்னா நான் மணையில உட்கார மாட்டேம்மா” என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்கும் ஆசைதான். ஆனால் யார் முதலில் பேசுவது? முதலில் வாய் திறந்தவர் தோற்றவர் என்பது எங்கள் தெருச் சட்டம்.

அக்கா ஒரு கணக்குப் போட்டார். குத்தினால் பதில் வரும், பதில் வந்தால் பேச்சு வரும், பேச்சு வந்துவிட்டால் தாம்பூலத் தட்டோடு போய் அழைத்துவிடலாம். ஆனால் கையில் இவ்வளவு பெரிய போன் இருக்கும்போது ஆட்டைத் திட்டுவது கௌரவக் குறைச்சல் இல்லையா? அதனால் ஸ்டேட்டஸ் வைத்தார். ஒரு ரோஜாப்பூ, பக்கத்தில் ஒரு விளக்கு, நடுவில் இரண்டு வரி: “சிலருக்குச் செய்ததெல்லாம் மறந்துபோகும். கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.”

ஆட்டைத் திட்டினால் அது ஒரு சுவரைத்தான் தாண்டும். இது ஊரையே தாண்டியது. தையல்கார ஹபீபுன்னிசா, பொங்கலுக்குத் தருவதாகச் சொன்ன ரவிக்கையை அன்றைக்கே தைத்துக்கொண்டு ஓடி வந்தார். திருத்துறைப்பூண்டியிலிருந்து குந்தவையின் மாமியார் போன் செய்து, “சம்பந்தி, நாங்க என்னங்க கொறை வெச்சோம்?” என்று அழுதார். எனக்கும் சுருக்கென்றது. வெள்ளையடிக்க இரவல் வாங்கிய அக்கா வீட்டு ஏணி எங்கள் கொல்லையில் கிடந்தது. இருட்டுவதற்குள் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்தேன்.

குத்த வேண்டியவருக்கு மட்டும் குத்தவில்லை. பார்த்தவர்கள் வரிசையை அக்கா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார், கமலாம்பாள் பெயர் இல்லை. “பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருக்கறதுக்கு என்னமோ ஒரு வழி இருக்காம்ல, அதைத் தட்டி வெச்சிருக்கா” என்றார். அடுத்த நாள் வேறு ரோஜா, இன்னும் காரமான வரி. அதற்கும் ஊரில் பாதிப்பேர் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். கமலாம்பாள் வரவில்லை.

வளைகாப்புக்கு முதல் நாள் குந்தவை ஊரிலிருந்து வந்தாள். வந்ததும் பெரியம்மாவைக் கூப்பிட்டாயா என்று கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் போய்ப் படுத்துக்கொண்டாள், சாப்பிடவும் இல்லை. அக்கா போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

“ஏ ராணி, நாளைக்கு நம்ம குந்தவைக்கு வளைகாப்பு. வளர்த்தவ கை படாம எப்புடி நடக்கும்? புள்ளத்தாச்சிப் பொண்ணு பட்டினியா கெடக்குது. நான் என்னத்தப் பண்ணுவேன், நீயே சொல்லு” என்றார். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. ராணிகூட மெல்லுவதை நிறுத்திவிட்டது.

அந்தப் பக்கம் உடனே சத்தம் வந்தது. “டேய் சேவலே, எத்தனை நாளாடா இந்தச் சுவத்துக்கிட்டயே காத்துக்கிட்டு நிக்கிறோம்? இப்பத்தான் வாய் தெறந்திருக்கு. தட்டு வாசல் வழியா வருமா, இல்ல சுவரேறி வருமான்னு கேளு.”

தட்டு வாசல் வழியாகவே போனது. போன இடத்தில் அக்கா அடக்க முடியாமல் கேட்டுவிட்டார். “அத்தனை ஸ்டேட்டஸ் வெச்சேனேக்கா, ஒண்ணுகூடவா பாக்கல?”

“எங்கேருந்து பாக்கறது? என் போன் வாய்க்கால்ல விழுந்துடுச்சு. பிரபு வேற வாங்கிக் குடுத்தான், நம்பரெல்லாம் போச்சு. உன் நம்பரே எங்கிட்ட இல்லடி.” பிரபு கமலாம்பாளின் மகன்.

“அப்ப அந்தக் கட்டைவிரல்?”

“சூப்பர்னு அர்த்தம்டி! கையெல்லாம் இட்லி மாவு, ஒண்ணுக்கு மேல தட்ட முடியல.”

“ரசத்துக்கு மட்டும் மூணு ஹார்ட்?”

“ரசம் போட்டது என் சம்பந்தி. வேற வழி?”

மறுநாள் முதல் வளையலைக் கமலாம்பாள்தான் போட்டார். குந்தவை சிரித்துக்கொண்டே அழுதாள். பந்தி முடிந்ததும் ஓரகத்திகள் இரண்டு பேரும் அக்காவின் போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அதில் சேமித்து வைத்திருந்த அந்தப் பழைய ஸ்டேட்டஸ் படங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள்.

“இது எனக்கா எழுதுன?” என்றார் கமலாம்பாள். “ரொம்ப நல்லாருக்கேடி! எனக்கு அனுப்பு. என் மருமகளுக்கு வைக்கணும்.”

அடுத்த நாள் காலை அதே ரோஜாப்பூ, அதே விளக்கு, அதே வரிகள், கமலாம்பாள் ஸ்டேட்டஸில். பார்த்த கையோடு கலைமகள் அக்கா அதற்கு மூன்று ஹார்ட் அனுப்பினாராம். நான் எப்போதோ இரவல் வாங்கிய கமலாம்பாள் வீட்டுக் கடப்பாரையைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.