காலியாக விடச் சொன்ன பெயர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூட நான் கட்டிவிட்டதில்லை. கட்டத் தெரிந்திருந்தால் ஒன்பது வருஷமாக அடுத்தவர் கதையை டைப் அடித்துக்கொண்டா இருந்திருப்பேன்?

பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்தில் என் டி.டி.பி. கடை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் போடுவேன், கங்காதரன் சாரின் பேய் நாவல்களையும் டைப் செய்வேன். மாதம் ஒன்று, எனக்கு முன்னால் எழுதியதையும் சேர்த்து இதுவரை முந்நூற்று நாற்பது. சென்ட்ரல் ரயிலில் பாதிப் பேர் கையில் அவர் புத்தகம்தான் இருக்கும். கை நடுக்கம் வந்த பிறகு வாய்ஸ் நோட்டில் கதை சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்துமா வேறு. இரண்டு வார்த்தைக்கு ஒரு இழுப்பு.

அவரிடம் ஒரு பழக்கம். கதையில் சாகிறவனுக்கு, நான் போஸ்டர் போட்ட யாராவது ஒருத்தர் பெயரைத்தான் வைப்பார். அதுவரை அந்த இடம் காலி.

"உயிரோட கீறவன் பேரு வாணாம் பால்ராஜ். செத்தவனுக்கு இனிமே இன்னா ஆவப்போவுது?"

எனக்குச் சிரிப்புதான் வரும்.

போன ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கடைசி அத்தியாயம் முந்தின நாளே வந்துவிட்டது. பைக்கில் போகிறவன் தண்ணீர் லாரிக்கு அடியில் சாகிறான். பெயர் மட்டும் வரவில்லை. பத்துத் தடவை கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். நாலு மணிக்குள் பிரஸ்ஸுக்கு மெயில் போக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து என் தம்பி கோபி, கேட்காமல் என் பைக்கை எடுத்தான்.

"டேய், சாவியை வெச்சிட்டுப் போடா!"

"பாரிவாக்கம் வரைக்கும்தாண்ணா. தோ வந்துர்றேன்."

பற்றிக்கொண்டு வந்தது. காலியாக இருந்த இடத்தில் 'கோபி' என்று அடித்தேன். "செத்துத் தொலை" என்று வாய்விட்டும் சொன்னேன். கடையில் வேறு யாரும் இல்லை.

மணி 3.41. போனில் 'டிங்'.

கங்காதரன் சார். ஆறு விநாடி.

"அந்தப் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு பால்ராஜ்."

அவர் குரல்தான். ஆனால்... இழுப்பு இல்லை.

மூச்சுச் சத்தமே இல்லை...

நான் பெயர் வைத்தது அவருக்கு எப்படித் தெரியும்?

திருப்பிக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

உயிரோடு இருக்கிறவர் பெயரை வைக்கக் கூடாது என்று சொன்னவரே அவர்தானே? அவர் பெயரை எப்படிப் போடுவது? மனசு வரவில்லை.

அப்படியே அனுப்பினேன்.

ஐந்து மணிக்கு அவர் மருமகன் விக்ரம் வந்தான். கையில் சாரின் போட்டோ.

"போஸ்டர் போடணும்ணே. மாமா பூட்டாரு. மதியம் ஒண்ணே கால்."

"அவரு போன் யார்கிட்டப்பா இருக்கு?"

"அத்தை பைல. நேத்து ராத்திரிலேர்ந்து சார்ஜே இல்லண்ணே."

என் போன் அடித்தது. கோபியின் நம்பர்.

பேசியது கோபி இல்லை.

அன்றைக்கு இரண்டு போஸ்டர் போட்டேன்.

போலீஸ் கொடுத்த காகிதத்தைக் காரியம் முடிந்த பிறகுதான் படித்தேன். பாரிவாக்கம். தண்ணீர் லாரி. நேரம் 3.52. என் மெயில் போன நேரமும் 3.52தான்.

பதினோரு நிமிஷம் இருந்திருக்கிறது எனக்கு. பெயரை மாற்ற ஒரு நிமிஷம் போதும்.