மருதாணி பூசிய புதுக்குதிரை

கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த ஒரே பதவி, தொப்பம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் திருவிழாக் குதிரைவண்டிப் பந்தயத்தில் குதிரைகளைச் சரிபார்ப்பது. ஒரு துண்டு போர்த்துவார்கள், ஒரு சோடா தருவார்கள். தாடிக்கொம்பிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் அதை வாங்கிக்கொள்ள எனக்கு ஒன்றும் ஆசை இல்லை. முந்தைய வருடம் நடந்ததைப் பார்த்ததால்தான் போனேன்.

அங்கே புதுக்குதிரைப் பந்தயம் என்று ஒன்று உண்டு. இதுவரை எங்கும் ஜெயிக்காத குதிரைகள் மட்டும் ஓட வேண்டும். கூச்சலுக்கும் சாலைக்கும் பழகாத பிராணிகள். பக்கத்தில் ஒரு வண்டி உரசிக்கொண்டு வந்தாலே மிரளும். முந்தைய வருடம் யாரோ ஒரு புண்ணியவான், பல பந்தயம் ஓடிய குதிரையைப் புதுசு என்று பதிந்து இறக்கினான். அது இடித்துக்கொண்டு வந்த வேகத்தில் ஒரு பெட்டைக் குதிரை மிரண்டு வாய்க்காலில் விழுந்தது. முன்னங்கால் இரண்டாக ஒடிந்துவிட்டது. அப்படி ஒடிந்த காலை வைத்துக்கொண்டு குதிரை பிழைக்காது. பந்தயத்துக்கு மருத்துவராக வந்திருந்த நான்தான் ஊசி போட்டு அதன் வலியை முடித்தேன். அதன் சொந்தக்காரர் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அதுக்குத் தெரியாமப் போட்டுருங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அதே நேரத்தில் மைக்கில் ஜெயித்தவனுக்கு வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கமிட்டியின்மேல் அன்று வந்த அருவருப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

அதன் பிறகு நான் விடாப்பிடியாக ஒரு விதி போட வைத்தேன். ஒவ்வொரு குதிரையின் நிறம், அடையாளம், வயது, முன்பு ஜெயித்ததா இல்லையா, எல்லாம் நோட்டீஸில் அச்சாக வேண்டும்; அந்த விவரம் சரியாக இருக்க வேண்டும். கமிட்டிக்காரர்கள் ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள். நம் ஊர்க் கமிட்டிகள் ஒரு விஷயத்தை ஒரே குரலில் ஒப்புக்கொண்டால் சந்தேகப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இந்த முறை மூட்டைக்காரர் வேறொரு சின்னப் பெட்டைக் குதிரையோடு வந்திருந்தார். மூன்று வயது. நோட்டீஸில் இருந்த ஒவ்வொரு சொல்லும் அதன் உடம்பில் அப்படியே இருந்தது. "இந்த வருசம் எல்லாம் பழகாத குதிரைதானுங்களே?" என்று இரண்டு தடவை கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்து வந்தவர் திண்டுக்கல்லில் பிளாட் போட்டு விற்கும் பெரிய மனிதர். அவருக்கு முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம், நடுவில் குதிரை. நோட்டீஸின்படி அது செவலை, நெற்றியில் வெள்ளை கிடையாது, வயது நான்கு, வெற்றி ஏதும் இல்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன். பத்து வயதுக்குக் குறையாது. நெற்றி மட்டும் கல்யாணப் பெண்ணின் உள்ளங்கை மாதிரி சிவந்திருந்தது. மயிரை விலக்கினேன். அடியில் வேரெல்லாம் வெள்ளை. மருதாணி!

"கண்ணு பட்டுருமேன்னு பூசுனது டாக்டர். பாசமா வளக்குற பிராணி" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

இந்த மூளைக்குப் பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் பந்தயச் சாலையின் முகப்பிலேயே இவருடைய அடிப்பொடிகள் ஆளுயர பிளக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் இதே குதிரை, நெற்றியில் பளீரென்ற வெள்ளையோடு, காலடியில் கோப்பைகளோடு நின்றது. 'பல களம் கண்ட எங்கள் சிங்கமே வருக' என்று எழுதியிருந்தது. ஏமாற்ற வந்த இடத்தில்கூடப் பெருமை பீற்றாமல் இருக்க முடியாத ஜென்மங்கள். கேட்டதற்கு, "பிளக்ஸ்ல இருக்கறது இதோட அண்ணனுங்க" என்றான் ஒருவன்.

கமிட்டித் தலைவரை அழைத்து எல்லாவற்றையும் காட்டினேன். அவர் குதிரையைப் பார்க்கவில்லை, பெரிய மனிதரின் முகத்தைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, கோயிலுக்குப் பந்தலே அவரு போட்டதுதானுங்க. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமுங்களா?"

"மாடு தானமா வந்தாப் பாக்க மாட்டேன். இது ஏமாத்த வந்த குதிரை. நோட்டீஸ்ல இருக்க விவரம் அம்புட்டும் பொய்."

அவர் தாடையைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. "நீங்க சொல்றது நாயமுங்க. விவரம் சரியா இருக்கோணும். அம்புட்டுத்தானுங்க விதி? சரியான விவரத்த மைக்குல சொல்லிப்போட்டா ஆச்சு."

சொன்னார்கள். "நோட்டீஸில் ஒரு சிறு திருத்தம்! நெற்றியில் வெள்ளை உண்டு! வயது பத்து! கோப்பைகளைக் குவித்த குதிரை இப்போது நம் புதுக்குதிரைப் பந்தயத்தில்!" கூட்டம் விசிலடித்தது. பெரிய மனிதர் கைகூப்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். பூசணிக்காயை வெளியே எடுத்துக் காட்டிக் கைதட்டு வாங்கியவர்களை அன்றுதான் பார்த்தேன்.

"ஜெயிச்ச குதிரை இதுல ஓடக் கூடாதுய்யா!" என்று கத்தினேன். ஒருதரம் பதிந்த வண்டியை மாற்றினால் சாமி குத்தமாகிவிடும் என்றார் தலைவர். என் ஆத்திரத்தில் அவர்கள் போர்த்திய துண்டை உருவி அவர் மேஜைமேல் எறிந்தேன். அதையும் ஒருவன் போனில் படம் பிடித்தான்.

மூட்டைக்காரர் என்னிடம் வந்தார். மைக்கில் சொன்னதை அவரும் கேட்டிருந்தார். "எறக்கட்டுங்களாம்மா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் வாதாடவில்லை. வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்தார்.

மைக்கில் பேசியவன் விடவில்லை. "இதோ, சிங்கத்தைக் கண்டு பயந்து ஒரு வண்டி விலகுகிறது!" என்று குரலை உயர்த்தினான். கூட்டம் சிரித்தது. பெரிய மனிதரும் சிரித்தார்.

மூட்டைக்காரர் குதிரையைப் பிடித்தபடியே நேராக மேடைக்குப் போய்க் கையை நீட்டினார். வாழ்த்து ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்து மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

"விவரம் சரியா இருக்கோணுமாமுங்க. எங் குதிரைக்கு மூணு வயசு. எங்கயும் ஜெயிச்சதில்ல. போன வருசம் இங்க ஒண்ணப் பொதைச்சேன். இது நாலு காலோட வூட்டுக்குப் போகுது. திருத்திப் படிச்சுருங்க."